மாத்திரையும் மஞ்சளும்

நீலசந்திராவிலிருந்து தினமும் பஸ் பிடித்து, பொம்மசந்திராவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவப் போகிறவள் தெய்வானை. அங்கே தட்டில் வளர்த்த ஈரல் புற்றுநோய் செல்கள்மேல், மஞ்சளிலிருந்து எடுத்த சத்தையும் புற்றுநோய் மாத்திரையின் மருந்தையும் சேர்த்து ஊற்றினார்கள். "எல்லாம் செத்துப்போச்சு!" என்று ஆராய்ச்சியை நடத்தும் வீணா மேடம் கூடமே அதிரக் கத்தினார். அந்தச் சந்தோஷத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடியிருக்கலாம்.

தெய்வானையின் புருஷனுக்கும் அதே நோய், அதே மாத்திரை. அன்றிலிருந்து மாத்திரையோடு மஞ்சளையும் கெட்டியாகக் கரைத்துப் புகட்டினாள். அவர் குமட்டிக்கொண்டு, வேண்டாமென்று வாயை மூடினால் மூக்கைப் பிடித்து ஊற்றினாள். மூன்றாவது வாரம் அவர் இறந்துபோனார்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தவள் நடந்ததைச் சொன்னதும், மேடம் தலைகுனிந்தார். "தட்டு வேற, உடம்பு வேற, தெய்வானை."

"ஆமா மேடம். தட்டு வேணாம்னு சொல்லாது. அவரு சொன்னாரு."