சுவரிலிருந்து இறங்கி வந்த அப்பா

தொண்ணூறுகளின் கடைசியில், ஆம்பூரில் எங்கள் அம்மா வீட்டில் ஆரம்பித்த கதை இது. அப்போது நான் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். அக்கா வேலூருக்கு ஆஸ்பத்திரி வேலைக்காகத் தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தோல் தொழிற்சாலையில் சாயம் போடும் பிரிவில் இருந்தவர். மகளுக்கு ஒரு வயது முடிவதற்குள் பைபாஸ் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார். அதன்பிறகு அக்கா குழந்தையோடு எங்களிடமே வந்துவிட்டாள்.

மாமாவின் படத்தைக் கூடத்தில் மாட்டியிருந்தோம். பிளாஸ்டிக் மாலை, சந்தனப் பொட்டு, ஒரு சின்ன சிவப்பு பல்ப். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா குழந்தையைத் தூக்கி, அந்தப் படத்தைக் காட்டி, "அது யாருடா கண்ணு?" என்று கேட்டார். நான்கு வயதுக் குழந்தை கை கூப்பி, "சாமி" என்றது. அவர் சிரித்தார், நாங்களும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போன அக்கா வெகுநேரம் வெளியே வரவில்லை. குழந்தை மேல் என்ன தப்பு? விளக்கேற்றும்போதெல்லாம் அந்தப் படத்தைக் கும்பிடச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தானே.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தப் பெண்ணுக்கு அப்பா என்று ஒரு மனிதர் இருந்தார், சாப்பிட்டார், சிரித்தார், இவளைத் தூக்கினார் என்று தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் எனக்குப் பிடிவாதக்காரி என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் என்றைக்கும் தயங்கியதில்லை.

கடையில் பெரிய ஸ்கிராப் புக் ஒன்று வாங்கினேன். வீட்டில் இருந்த போட்டோக்களையெல்லாம் தரையில் பரப்பினேன். கல்யாணப் படங்களில் மாமா போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தவர்போல விறைப்பாக இருந்தார். ஏலகிரிக்குப் போனபோது எடுத்தது ஒன்று, சைக்கிளோடு ஒன்று. எல்லாவற்றிலும் உயர்ந்தது சோளிங்கர் மலையில் எடுத்தது. குழந்தைக்கு மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, மாமா அவளைக் கேமராவுக்கு நேராக நீட்டிப் பிடித்திருப்பார். இரண்டு கைகளும் குழந்தையின் இடுப்பைச் சுற்றி இருக்கும். அவரும் சிரிப்பார், மொட்டையும் சிரிக்கும். அப்பாவும் மகளும் சேர்ந்திருக்கும் படம் அது ஒன்றுதான். மாமாவின் தோஸ்த் ஒருவர் எடுத்தது. அவர் வீடு மாறியதில் நெகட்டிவ் எங்கோ தொலைந்துவிட்டது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறத்தில் சார்ட் பேப்பர் வெட்டினேன். கம்பெனியில் கழித்துப்போட்ட தோல் துண்டுகளில் சட்டம் வெட்டினேன். ஓரத்துக்குத் தையல்கூடப் போட்டேன். ஒட்டுவதற்கு என்ன போட்டேன் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ஊரில் செருப்பு பிய்ந்தாலும், குடை கிழிந்தாலும், பிள்ளையின் பள்ளிக்கூடப் பை வாய் பிளந்தாலும் ஒரே மருந்துதான். ஷூவுக்குப் போடும் சொல்யூஷன். அதையே தாராளமாகத் தடவி ஒட்டினேன். போட்டோக்கள் அசையாமல் ஒட்டிக்கொண்டன.

புத்தகம் பெரிய வெற்றி. குழந்தை அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினாள். படத்தில் இருப்பவரை "அப்பா" என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போதும் பழக்கதோஷத்தில் கை கூப்பிவிடுவாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் ஒருநாள் அவள் புத்தகத்தோடு வந்து, "சித்தி, அப்பா மேல டீ கொட்டிடுச்சு" என்றாள். வாங்கிப் பார்த்தேன். பல படங்களில் பின்னாலிருந்து பழுப்பு நிறம் ஊறி மேலே வந்திருந்தது. சோளிங்கர் படத்தில் மாமாவின் ஒரு கன்னம், சட்டை, கைகள் வரைக்கும் கறை. ஸ்டுடியோவுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டுடியோக்காரர் படத்தின் ஓரத்தை முகர்ந்து பார்த்தார்.

"சொல்யூஷனாம்மா போட்ட? செருப்புக்குப் போடறத போட்டோவுக்குப் போட்டா இன்னா ஆவும்? இது உள்ள எறங்கிட்ச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம். அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவளோ புத்தகத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "மொதல்ல பேப்பர்லேர்ந்து இதையெல்லாம் எடு. மேல பரவாம இருக்கும்ல?" என்றாள்.

சொல்யூஷன் போட்டவளுக்கு அதை எடுக்கவும் தெரியும். கம்பெனியில் தோல் மேல் வழிந்த சொல்யூஷனை க்ரேப் ரப்பர் துண்டால் தேய்த்துத் தேய்த்து உருட்டி எடுப்போம். அதேபோல் அக்காவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, தையல் நூலை உள்ளே விட்டு மெதுவாக அறுத்து, படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பின்பக்கத்தில் இருந்த பிசினை உருட்டி எடுத்தோம். படங்கள் பிழைத்தன. கறை மட்டும் போகவில்லை.

'ஒன்றும் பண்ண முடியாது' என்று ஸ்டுடியோக்காரர் சொன்னது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதற்கு மருந்து கிடைக்கச் சில வருடங்கள் ஆயிற்று. இரண்டாயிரம் பிறந்த பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். வாசலில் பாதி கிழிந்த ஒரு பழைய படத்தையும், அதையே சரிசெய்து புதிதாக அச்சடித்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அதைப் பார்த்தவள், நேராக உள்ளே போய் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

வகுப்பில் எல்லோரும் காலேஜ் பிள்ளைகள். நான்தான் ஷூ கம்பெனி யூனிஃபார்மோடு போய் உட்காருவேன். மௌஸைப் பிடித்தால் அது மேஜையை விட்டே ஓடும். கற்றுக்கொடுத்த டீச்சர், "அக்கா, ஜாஸ்தி அழுத்தாதீங்க, அது மெஷின் பெடல் இல்ல" என்பார். கரண்ட் போனால் செய்ததெல்லாம் போச்சு. மறுநாள் திரும்ப ஆரம்பிப்பேன். ஸ்கேன் செய்து ஏற்றிய படத்தில் நல்லதாக இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் நகல் எடுத்துக் கறை இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கஷ்டமாக இருந்த இந்த வேலை எனக்குச் சுலபமாக வந்தது. தோலில் ஒட்டுப் போடுவதும் அப்படித்தான். அதே தோலில், அதே ரேகை ஓடும் பக்கமாகப் பார்த்துத் துண்டு எடுக்க வேண்டும். மாமாவின் நல்ல கன்னத்திலிருந்து எடுத்து மற்ற கன்னத்தைச் சரிசெய்தேன். சட்டையைச் சரிசெய்தேன். கைகளைப் பெரிதாக்கி, விரல் விரலாகத் துடைத்தேன்.

ஒரு மழைக்காலம் முழுக்க அதில் போயிற்று. அம்மா, "இருக்கறவங்களுக்குச் சோறு ஆக்க ஆளக் காணோம், இவ கம்ப்யூட்டர்ல கன்னம் தொடைக்கிறா" என்று முணுமுணுப்பார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முடித்த பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் கம்ப்யூட்டரிலேயே அமைத்தேன். புதுசாகக் கற்றவளின் ஆசை கேட்க வேண்டுமா? ரோஜாப்பூ, மேகம், புறா, பின்னால் ஒரு அருவி. வேலூரில் ஒரு லேபில் கொடுத்து அச்சடித்து, வெற்றி வீரனைப்போல வீட்டுக்கு வந்தேன்.

அக்கா சோளிங்கர் பக்கத்தைக் கையில் வாங்கினாள். அக்காவின் மகளும் தோள்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிற வயதுக்கு வந்திருந்தாள்.

"இன்னாடி இது, கல்யாண மண்டப பேனர் மாதிரி இருக்குது" என்று அக்கா சிரித்தாள். பிறகு படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"மூஞ்சி அப்படியே அவருதான். ஆனா கை யாருதுடி?"

எனக்குப் புரியவில்லை. கறையை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான் என்றேன்.

"அது கறை இல்லடி. நகம் பூரா நீலமா இருக்கும் அவருக்கு. சாயம். ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆம்பூரில் பிறந்து சாயம் போடுகிறவர் கையைப் பார்க்காதவர் யார்? மாமா சாப்பிட உட்காரும்போது அந்தக் கைக்கு எத்தனை முறை நான் சோறு பரிமாறியிருக்கிறேன். ஆனால் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அது மாமாவின் கை என்பதையே மறந்துபோனேன். பழுப்பைத் துடைத்தேன். பக்கத்தில் நீலம் தெரிந்தது. அதையும் சேர்த்துத் துடைத்தேன். ரொம்பச் சுத்தமாகத் துடைத்திருக்கிறேன்.

அக்காவின் மகள்தான் முதலில் பேசினாள். "நெஜமாவா? அப்பா நகம் நீலமாவா இருக்கும்?"

அக்கா இத்தனை வருடத்தில் அவளிடம் மாமாவைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவோம் என்று பயம். அன்றைக்கு அந்தக் கை அவளைப் பேச வைத்தது.

"நீலம்னா கருநீலம். சில நாள் மெரூன்ல வருவாரு. அன்னிக்கு கம்பெனில இன்னா கலர் ஓடுதுன்னு அவரு கையப் பாத்தாலே தெரிஞ்சிடும். வந்ததும் ஒன்ன தூக்கமாட்டாரு. எலுமிச்சம்பழத் தோலப் போட்டுத் தேய்ப்பாரு, செங்கல் பொடி போட்டுத் தேய்ப்பாரு. போவவே போவாது. 'கொழந்த மேல ஒட்டிக்கப்போவுது'ன்னு முந்தானையக் கேப்பாரு. என் பொடவையக் கையில சுத்திக்கினுதான் ஒன்ன தூக்குவாரு."

"மலையிலயும் பொடவை சுத்தினாரா?"

"அன்னிக்கும் கேட்டாரு. போட்டோல கை அசிங்கமா தெரியும்னாரு. நான்தான், 'ஒண்ணும் ஒட்டாது, சும்மா தூக்குய்யா'ன்னு அதட்னேன். அதான் அந்தச் சிரிப்பு."

அந்தச் சிரிப்புக்குக் காரணம் எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மகள் விடவில்லை. அப்பாவுக்குக் காரம் பிடிக்குமா, சைக்கிளில் தன்னை எங்கே உட்கார வைப்பார், கோபம் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா அழுதுகொண்டே பதில் சொன்னாள். அழுதால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. சுவரைப் பார்த்துக் கை கூப்பி நின்ற பெண், அன்று தன் விரல் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே மறுபடியும் சென்டருக்குப் போனேன். நல்லவேளையாக, திருத்துவதற்கு முன் ஸ்கேன் செய்ததை டீச்சர் ஒரு சிடியில் போட்டு வைத்திருந்தார். இந்த முறை அக்காவும் மகளும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பழுப்பு எது, நீலம் எது என்று பிரிப்பது பெரிய பேஜாராக இருந்தது. பல நகங்களில் இரண்டும் கலந்துபோயிருந்தன.

"இல்லடி, இது ஜாஸ்தி. கொஞ்சம் கம்மி பண்ணு. கட்டைவிரல்ல ஓரத்துலதான் இருக்கும்" என்பாள் அக்கா. நான் குறைப்பேன். "இப்ப சரி" என்று அவள் சொல்லும்வரை அடுத்த விரலுக்குப் போகமாட்டேன். எத்தனையோ நாட்கள் உட்கார்ந்து அழித்ததை, உட்கார்ந்து திரும்ப வைத்தேன். கடைசி விரல் முடிந்ததும் அக்கா திரையில் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். டீச்சர் பார்க்காததுபோல வெளியே போய்விட்டார்.

ரோஜா, புறா, அருவி எல்லாவற்றையும் தூக்கினேன். வெள்ளைப் பக்கம், நடுவில் படம், அவ்வளவுதான். கீழே என்ன எழுதுவது என்று மகளைக் கேட்டேன். அவளே எழுதித் தந்தாள்: 'கையை மறைக்காமல் அப்பா என்னைத் தூக்கிய நாள்.' கறை படிந்த பழைய படத்தைத் தூக்கிப் போட அவள் விடவில்லை. அதையும் பழைய ஸ்கிராப் புக்கிலேயே வைத்தோம். இந்த முறை பசையே இல்லை. நான்கு மூலைக்கும் காகிதத்தில் பை மடித்துச் செருகினேன்.

இப்போது அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. கல்யாணத்தன்று மருதாணி வைத்த கையைக் காட்டி, "சித்தி, அப்பா மாதிரி எனக்கும் நகத்துல சாயம்" என்றாள். அப்போது அவள் கை கூப்பவில்லை, சிரித்தாள். சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பழைய படங்களைச் சரிசெய்யச் சொல்லி என்னிடம் கொண்டுவருகிறார்கள். ஒரு கறையைத் தொடுவதற்கு முன்னால், அந்த மனிதரோடு வாழ்ந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். நாம் பிரியமாகத் துடைத்து எடுக்கிற அந்த இடத்தில்தான், ஒரு குழந்தைக்கு அதன் அப்பா இருக்கக்கூடும்.