அப்பாவின் அஷ்டமிக் கார்

ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே என் கணவர் போனில் மூன்று செயலிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, எதில் வாடகைக் கார் மலிவு என்று தடவிக்கொண்டே இருப்பார். கடைசியில் தஞ்சாவூர் ஸ்டேஷனில் இறங்கும்போது மழை, கூட்டம் என்று எதையாவது சாக்காக வைத்து அந்தச் செயலி காசை ஏற்றிவிடும். இவர் முகம் சுண்டிப்போகும். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். எங்கப்பா இருந்திருந்தால் இவரைக் கார் பிடிக்க அனுப்பியே இருக்கமாட்டார். "மாப்ள, நீங்க பெட்டியப் பாத்துக்குங்க, போதும்" என்றிருப்பார்.

அப்பா கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. சொந்தக் கார் வாங்குகிறவன் பைத்தியக்காரன், ஊரே வாடகைக்குக் கார் எடுக்கிற நாளில் தானும் எடுக்கிறவன் அவனைவிடப் பெரிய பைத்தியக்காரன் என்பது அவர் கட்சி. நாங்கள் லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். ராகுகாலம், எமகண்டம் எதுவும் எங்களுக்குக் கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் தினசரிக் காலண்டரை அப்பாவைப் போல உன்னிப்பாகப் பார்த்தவர் யாருமில்லை. மற்றவர்கள் நல்ல நாள் தேடினார்கள், அப்பா கெட்ட நாள் தேடினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அஷ்டமி, நவமி, கரிநாள் என்றால் யாரும் பயணம் கிளம்பமாட்டார்கள். கார் ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் முன்சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் மாதிரி நிதானமாகப் போவார். "டேய், சார் வர்றாரு பாரு, இன்னிக்கு நவமி போலருக்கு!" என்று அவர்களே கிண்டல் பண்ணுவார்கள். அப்பாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே பாதி வாடகைக்குப் பேசி முடித்துவிடுவார். ஆடி மாதம் எங்களுக்குப் பொற்காலம், பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கு மட்டும் வாசற்படி தாண்டமாட்டோம். அன்று ஊரே காருக்கு அலையும்.

எங்கள் சிறுவயது உல்லாசம் எல்லாம் அப்படிப்பட்ட நாட்களில்தான். ஒரு கரிநாளில் தரங்கம்பாடிக் கடற்கரை முழுக்க எங்களுக்கே என்று கிடந்தது. ஒரு நவமியில் திருவையாற்றுப் படித்துறையில் எங்களைத் தவிர ஆளில்லை, புதுத்தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைத் தின்றோம். ரோட்டில் காயப்போட்ட உளுந்தின் மேல் அம்பாசடர் சரசரவென்று ஏறிப்போகும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்காகவே நானும் அக்காவும் ஜன்னலோரச் சீட்டுக்கு அடித்துக்கொள்வோம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்! இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அப்படி இருந்த வீட்டில்தான் அக்கா கல்யாணப் பேச்சு வந்தது. அக்கா நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். கூட வேலை பார்த்த ஒருவரும் அவளும் விரும்பினார்கள். நம்ம சபைப் பையன்தான், அதனால் எங்கள் வீட்டில் அடிதடி இல்லை. அவருக்கு அப்பா கிடையாது. மீன் ஏலக் கூடத்தில் வியாபாரம் செய்து அவரைப் படிக்க வைத்தது அவருடைய அம்மா. அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, பூ வைத்துவிட்டுப் போனார். பதிலுக்கு நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகவேண்டும். "எல்லாம் அந்த அம்மா சொல்றதுதான்டி. அவங்க வேணாம்னா அவரு மீறமாட்டாரு" என்று அக்கா என்னிடம் பயந்து பயந்து சொன்னாள்.

அப்பா ஓர் அஷ்டமியில் டாடா சுமோ பேசினார்.

வண்டியை எடுப்பதற்கு முன் டிரைவரே தலையைச் சொறிந்தார். "சார், நல்ல காரியத்துக்குப் போறீங்க. இன்னிக்குப் போயா?"

"எங்களுக்கு எல்லா நாளும் ஆண்டவர் குடுத்ததுதான்ப்பா. நீ எடு" என்றார் அப்பா.

நாகப்பட்டினத்தில் எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். இனிப்பு வரவில்லை. அந்த அம்மா எங்கம்மாவிடமும் சரியாகப் பேசவில்லை. இயேசு படத்துக்குக் கீழே எங்கள் வீட்டில் தொங்குகிற அதே தினசரிக் காலண்டர் தொங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா, "காலண்டர் பாக்காம வந்துட்டீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அப்பாவோ உற்சாகமாக, "பாத்துட்டுத்தாங்க வந்தோம்!" என்று ஆரம்பித்து, அஷ்டமியில் கார் எவ்வளவு மலிவு, முகூர்த்த நாளில் எப்படிக் கொள்ளையடிக்கிறார்கள் என்று தன் வித்தை முழுவதையும் அவிழ்த்துவிட்டார். சிக்கனமான சம்பந்தி என்று மெச்சுவார்கள் என நினைத்திருப்பார், பாவம். அம்மா அவர் காலை மிதித்தது எனக்குத் தெரியும். மனுஷர் நிறுத்தவில்லை.

அந்த அம்மா கேட்டு முடித்தார். "நாங்களும் நாள் கிழமை பாக்குற ஆளுங்க இல்ல சார். ஆனா எம் புள்ள வீட்டுக்கு மொத மொதல்ல வர்றதுக்கு, வண்டி மலிவா கெடைக்கிற நாளாப் பாத்தீங்களே. அப்பன் இல்லாத வீடுதானே, இது போதும்னு நெனச்சிட்டீங்களா?"

அப்பா காபி தம்ளரைக் கீழே வைத்தார். திரும்பி வரும் வழியில் கீழ்வேளூர் தாண்டும்போது அம்மா, "நல்லா மிச்சம் புடிச்சீங்க" என்றார்.

வீட்டு வாசலில் நின்றிருந்த அக்கா எங்கள் முகங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "என் விஷயத்துலயுமாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆடி மாதம் முழுக்க எங்கள் வீடு செத்துக் கிடந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தகவல் இல்லை. அப்பா ஸ்டாண்டுப் பக்கமே போகவில்லை. ஒருநாள் அவரே போன் போட்டு, "ஒருதடவ வந்து பாக்கலாமுங்களா?" என்று கேட்டார். "வாங்க" என்றார் அந்த அம்மா. உடனே போனை வைத்துவிட்டார்.

அப்பா ஆவணியில் பெரிய முகூர்த்தமாகப் பார்த்துக் குறித்தார். தஞ்சாவூரில் எந்த மண்டபமும் காலியில்லாத நாள். நானும் கூடப் போனேன், ஸ்டாண்டில் ஒரே ஒரு வண்டி நின்றது. டிரைவர் தயங்கித் தயங்கித்தான் ரேட் சொன்னார். "அய்யய்யோ, பகல் கொள்ளை!" என்று அப்பா குதிப்பார் என்று காத்திருந்தேன். "சரி, வண்டிய எடுங்க" என்றார். டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் போனோம். வாசலிலேயே அப்பா அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். "தப்பு பண்ணிட்டேம்மா. உங்க வீட்ட மட்டமா நெனச்சு பண்ணல. எனக்குப் புத்தி அவ்வளவுதான்." அந்த அம்மா விலகி வழிவிட்டார். இலை போட்டு, கொடுவா மீன் குழம்பு ஊற்றினார். சாப்பாடு மட்டும் நடந்தது, கல்யாணப் பேச்சு நடக்கவில்லை.

பாதிச் சாப்பாட்டில் டிரைவர் வாசலில் வந்து நின்றார். "சார், பேசின நேரம் முடிஞ்சிருச்சு. இனிமே வெயிட்டிங் சார்ஜ் ஏறும்."

வெயிட்டிங் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அப்பா பாதி ஜெபத்தில்கூட எழுந்துவிடுவார். நாகூரில் ஒருமுறை அம்மாவை வளையல் கடையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவர் அவர். அம்மா பதறிப்போய் அவரைப் பார்த்தார். அப்பா நிமிரவில்லை. "ஏறட்டும்ப்பா" என்றார். பிறகு அந்த அம்மாவிடம் இலையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்கம்மா" என்றார்.

அந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். குழம்பை ஊற்றினார். பின் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டிரைவர் தம்பி, நீங்களும் உள்ள வந்து உக்காருங்க. சம்பந்தி கல்யாணத் தேதி பேசிட்டுத்தான் கெளம்புவாங்க."

நான் எச்சில் கையோடு கொல்லைப்புறம் ஓடி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னடி ஆச்சு? சொல்லித் தொலையேன்!"

எனக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. "அக்கா, வெயிட்டிங் ஏறிக்கிட்டிருக்கு. அப்பா ரெண்டாந்தரம் குழம்பு வாங்கி சாப்பிட்டுக்கிட்டிருக்காரு."

அந்தப் பக்கம் அவள் விம்மி விம்மி அழுவது கேட்டது.