படகு கவிழும் இடம்

சென்னையில் வேலை பார்த்த நாட்களில் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டது தப்பில்லை. அதை மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குக் கொண்டுவந்ததுதான் தப்பு. கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் பலகையைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். இந்தப் பக்கத்துக் கடலில் ஒரே ஒரு நல்ல அலை கிடைத்துவிட்டால் போதும், திரும்பிப் போகவே வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அண்ணன் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாத்து நட வயலச் சமப்படுத்தணும், பரம்படிக்க ஆகுமாடா?" என்று கேட்டான்.

எங்கள் கரை இந்த ஆசைக்கெல்லாம் லாயக்கில்லை. நாகூரிலிருந்து கோடியக்கரை வரை நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கிறது. பாறை இல்லை, குன்று இல்லை. தெற்கிலிருந்து வருகிற அலையை இலங்கை மறித்துக்கொள்கிறது. ஐப்பசியில் வாடைக்காற்று கிளம்பினால்தான் கடல் கொஞ்சம் எழுந்திருக்கும். அப்போதும் அலை கரை நெடுக ஒரே சமயத்தில் பொத்தென்று விழும். அதில் ஏறி நிற்க முடியாது. நான் தேடியது பாயின்ட் பிரேக். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையைத் தொட்டு, அங்கிருந்து ஒரே பக்கமாக, துணி கிழிவதுபோல நீளமாக உடைந்துகொண்டே போகும் அலை.

எனக்குக் கடல் நன்றாக இருக்கிற அந்த நாட்களில்தான் வயலில் சம்பா மூழ்கிக் கிடக்கும். "இங்க நிக்கிற தண்ணி பத்தலன்னு அங்க போறியா?" என்பான் அண்ணன். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

ஒவ்வொரு மீனவர் குப்பத்திலும் இறங்கி, "அலை எங்கே நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். நல்ல மனிதர்கள், கூடவே வந்து வழி காட்டினார்கள். போய்ப் பார்த்தால் கடல் குளமாகக் கிடக்கும். கடலில் பிழைக்கிறவர்களுக்கு எது நல்ல கடல் என்பது என் மண்டையில் ஏற ஒரு மழைக்காலமே ஆயிற்று. அதன் பிறகு கேள்வியை மாற்றினேன். "படகு எங்கே கவிழும்?" இதற்குப் பதில் சட்டென்று வராது. ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்சூரன்ஸ் ஆளா?" என்றார்.

ஆறு கடலில் விழுகிற ஓர் ஊரில் ஃபைபர் படகு வைத்திருந்த ஒருவர் மட்டும் ஏன் என்று கேட்டார். சொன்னேன். சிரிக்காமல் என்னை முகத்துவாரம் வரை அழைத்துப் போனார். "அந்த மணல்திட்டு முடியிற எடம். என் தம்பி அங்கதான் போனான்," என்று கையை மட்டும் நீட்டினார். முகம் ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தது. நான் கடலைப் பார்த்தேன். திட்டின் நுனியில் அலை வளைந்து, ஆற்றுவாயைக் குறுக்கே கடந்து, தெற்கே தெற்கே என்று உடைந்துகொண்டே போயிற்று. ஒரு மனிதர் செத்த இடம் என்று தெரிந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மனசு அப்படித்தான் இருக்கிறது, அதைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

இரண்டு மழைக்காலம் அங்கே போனேன். பலகையை அவருடைய வலைக்கொட்டகையிலேயே போட்டுவைத்தேன். "நாங்க தப்பிச்சு ஓடுற அலைல போய் இவரு உக்காந்துக்கிறாரு," என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். உட்கார்ந்ததில் ஒரு பிரயோசனமும் இருந்தது. அலைகளுக்கு நடுவே கடல் சற்று அடங்கும்போது நான் கையை உயர்த்துவேன். ஆற்றுக்குள் காத்திருக்கும் படகுகள் அந்த இடைவெளியில் வெளியே பாய்ந்துவிடும். என் கையை நம்பி அவர் எஞ்சினை முடுக்குவார்.

பிறகு, அந்த ஊர் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த தூண்டில் வளைவு வந்தது. கடலுக்குள் கல் கொட்டிக் கட்டுகிற வளைந்த தடுப்பு அது. அலை எங்கே எழுகிறது என்று அளக்க வந்தவர்களுக்குக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. "அவரக் கேளுங்க, அங்கயே குடியிருக்காரு," என்று படகுக்காரர்தான் என்னைக் கைகாட்டினார். கல் திட்டின் நுனியைத் தாண்டிப் போனால் படகுகள் பிழைக்கும், என் அலை செத்துப்போகும். அலை சாகும் என்பது அன்றைக்கு அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். பெரிய தியாகம் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். படகுக்காரர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், என்னால் வேறு எதையும் செய்திருக்க முடியாது. பலகையில் படுத்துக் கையால் துழாவிப் போய், நுனிக்கு அப்பால் ஒரு சிவப்பு மிதவையைக் கல் கட்டி இறக்கினேன். "கல் இதத் தாண்டிப் போகணும்," என்று அளக்க வந்தவரிடம் சொன்னேன். மண்டையை ஆட்டினார். பொங்கல் முடிந்ததும் சென்னைக்குக் கிளம்பிவிட்டேன்.

மாதக்கணக்கில் லாரி லாரியாகக் கல் வந்ததாம், பிறகு ஒருநாள் நின்றுவிட்டதாம். அடுத்த வாடைக்காற்றில் நானே போய்ப் பார்த்தேன். சுவர் திட்டின் பாதியிலேயே முடிந்திருந்தது. எஸ்டிமேட் அவ்வளவுதான் என்று ஒப்பந்தக்காரர் கையை விரித்துவிட்டாராம். என் மிதவையோ புயலில் இழுபட்டு வந்து, சரியாகச் சுவரின் நுனியில், நான் அங்கேதான் கட்டினேன் என்பதுபோல ஆடிக்கொண்டிருந்தது. கல்லை ஒட்டி மணல் சேர்ந்து ஆற்றுவாய் மேடாகிவிட்டது. நீளமாகப் போன அலை இப்போது வாய் முழுவதையும் அடைத்துக்கொண்டு மொத்தமாக விழுந்தது. எனக்கும் உதவாது, படகுக்கும் ஆகாது. அந்த ஒப்பந்தக்காரரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தக் கார்த்திகையில் படகுக்காரரின் படகு அந்த ஆற்றுவாயில்தான் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோளில் பெரிய கட்டுடன் படுத்திருந்தார். நான் நீட்டிய ஆரஞ்சுப் பையை அவர் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி வைத்தார்.

"மிதவைய நீங்கதான் கரைப்பக்கமா நவுத்திக் கட்டிட்டீங்கன்னு ஊருல பேசிக்கிறாங்க," என்றார் படகுக்காரர்.

"நீங்க நம்புறீங்களா?"

"எனக்குக் கோவம் இல்லைங்க. உங்களுக்குப் பிடிச்ச எடம். மனுசன்னா அப்படித்தான் செய்வான்."

காற்று, மிதவை, எஸ்டிமேட் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். என் குரல் உயர, பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். படகுக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை.

"அந்த அலையே இப்ப இல்லையே. அதக் காப்பாத்தணும்னு செஞ்சிருந்தா, அது இருக்கணும்ல?" என்றேன்.

அடிபடாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதாங்க எனக்கும் வருத்தம்," என்றார். "நவுத்தியும் உங்களுக்கு இல்லாமப் போச்சே."