சுரண்டிய நம்பர்

விம்கோ நகர் வீட்டு ஷெட்டில் என் மகன் பழைய மிலிட்டரி லாரியின் பச்சைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அந்தக் கர் கர் சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

உலகச் சண்டை முடிந்த சமயம். ஏலத்தில் எடுத்ததாகச் சொல்லி நைனாவும் இப்படி ஒரு லாரியை ராயபுரத்தில் எங்கள் ஓலைக் கொட்டகைக்குள் விட்டிருந்தார். உள்ளே மண்ணெண்ணெய் வாடை மூக்கைத் துளைக்கும். கதவைச் சாத்திக்கொண்டு முதலில் நம்பரைத்தான் சுரண்டினார். அம்மாவுக்கு அங்கேதான் சந்தேகம் விழுந்தது.

“இன்னாயா, நம்ம வண்டின்னா நம்பர ஏன் சொரண்டுற?”

“மிலிட்டரி பச்சையோட ரோட்ல வுட்டா புட்ச்சிக்குவான்டி. ஏலப் பேப்பர் கீது, பாரு.”

பேப்பர் இங்கிலீஷில் இருந்தது. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். அதுவும் இரண்டே வருஷம், தமிழ் மட்டும்.

“நீ படிடி. திருட்டு வண்டின்னா உன்ன இட்டுகினு வியாசர்பாடி எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்,” என்றாள் அம்மா.

நைனா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த உப்புத்தாளையே தடவிக்கொண்டிருந்தார். நான் எழுத்தின்மேல் விரல் வைத்து, நிதானமாகச் சொன்னேன்: “நைனா பேரு போட்டுகீது. வண்டி நம்மளுது.”

அம்மா உலை வைக்கப் போனாள். அதில் என்ன எழுதியிருந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“டேய், இதுக்குப் பேப்பர் கீதா?” என்று மகனைக் கேட்டேன்.

“கீதும்மா,” என்றவன், மருமகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னான்.

அவள் படித்தாள். நான் காகிதத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.