புதுச் செருப்பு போட்டு வந்த கூட்டம்

நேற்றுப் பிற்பகல் இரண்டு மணிக்குச் செய்தி வந்தது. அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனை எடுத்தேன்.

"அப்பா போயிட்டாரு," என்றார் என் கணவர். "பால்கனில உக்காந்த வாக்குல. கையில ஊசி இருக்கு. மடியில அந்த ஷூ."

எந்த ஷூ என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு ஜோடிக்காக மாமா எத்தனையோ வருடம் காத்திருந்தார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

வீடு இப்போதுதான் அடங்கியிருக்கிறது. அழுது முடித்துவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் அவரைப் பற்றி நினைத்தாலே மனசு துள்ளுகிறது. என்ன செய்ய? அவர் அப்படிப்பட்ட மனிதர். சாயங்கால மழையைக்கூட "வந்துட்டான்மா, வந்துட்டான்!" என்று கூவிக்கொண்டு வாசலுக்கு ஓடி வரவேற்றவர்.

தொழில் சோபா தைப்பது. உயரமான ஆள், தலைப்பாகையோடு பார்த்தால் இன்னும் ஒரு முழம் கூடும். கதவு நிலையில் குனிந்து வந்து பழகியதால், நிலையே இல்லாத இடத்திலும் குனிந்துதான் நடப்பார். ஊர் அவருக்கு வைத்த பெயர் ஜோடிக்காரர்.

சீக்கியர் கோயிலான குருத்வாராவுக்கு வருகிறவர்களின் செருப்பை வாங்கி, துடைத்து, பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடுப்பது பெரிய சேவை. போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள். மாமா இளைஞராக இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இடம் அந்தச் செருப்பு அறைதான். பிறகு ஒருநாள் அவருடைய பட்டறை முதலாளி இறந்துபோனார். தொழுகைக்காக எல்லோரும் பள்ளிவாசலுக்குள் போய்விட, மாமா வெளியே நின்றார். மழை பிடித்துக்கொண்டது. படி முழுக்கச் செருப்பு. சும்மா நிற்கத் தெரியாத கை; அத்தனையையும் அள்ளிக் கூரைக்கு அடியில் ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டார். வெளியே வந்தவர்கள் தங்கள் செருப்பு காய்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார்களாம்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனார். பிறகு கோயில் வாசல். எங்கள் ஊர் சர்ச்சில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அதனால் என்ன, மழைக்காலத்தில் வருகிறவர்களின் குடையை வாங்கி வைத்தார். வெயில் காலத்தில் அங்கே அவருக்கு வேலையே கிடையாது. ஆனாலும் போய் நிற்பார்.

டோக்கன் கொடுக்க மாட்டார். செருப்பைப் பார்த்தாலே ஆள் யாரென்று சொல்லிவிடுவார். அதில் ஒரு வில்லங்கமும் இருந்தது: முகம் ஒன்றுகூட அவருக்கு நினைவில் நிற்காது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் கீழேதான் பார்ப்பார். "அடடே, குதிகால் தேஞ்ச டீச்சரம்மா!" என்பார். டீச்சரம்மாவுக்கு நாலு பேர் முன்னால் மானம் போகும்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே கதைதான். உள்ளே வருவதற்கு முன் வாசலில் கிடந்த என் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. பொண்ணு நேரா நடக்கிற பொண்ணு. எனக்குச் சம்மதம்," என்று தன் மகனிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் மூக்கு முழி பாப்பாங்க. இவரு என்னடி செருப்பப் பாக்குறாரு!" என்று அம்மா சமையலறையில் என் காதைக் கடித்தாள்.

இப்படி எல்லார் செருப்பையும் தொட்டவருக்கு ஒரே ஒருவர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. சர்ச்சில் மணியடித்து, பெருக்கி, கதவு பூட்டுகிறவர். நாங்கள் மணிக்காரர் என்போம். மாமாவின் நெருங்கிய சிநேகிதர். குருத்வாராவில் எல்லோருக்கும் போடுகிற சாப்பாட்டுக்கு வரும்போதுகூட ஷூவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே உள்ளே போய்விடுவார்.

"குடுங்களேன், கடிச்சா தின்னுடப் போறேன்?" என்பார் மாமா.

"வயசுல மூத்தவர் கையில என் செருப்பா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்ணே. வேற யாரையாவது போய்ப் பிடிங்க."

போன மாதம் மருத்துவர் மாமாவின் இதயத்தைப் பற்றிச் சொன்னதை நாங்கள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தோம். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "போறதுக்குள்ள எல்லாருக்கும் நன்றி சொல்லிடணும்மா, ஒரு ஆள் விடாம," என்றார்.

"அவங்கதானே மாமா உங்களுக்குச் சொல்லணும்?"

"நல்லா இருக்கே! வீட்டுச் சாவியக்கூட நம்பிக் குடுத்துடுவாங்க. செருப்பு அப்படியா? வெறுங்காலோட நின்னுக்கிட்டு, நம்பி நம்ம கையில குடுக்கிறாங்க. எத்தன வருஷமா! அவங்க குடுக்கலைன்னா நான் யாரு? சோபா தைக்கிறவன், அவ்வளவுதான்." பிறகு கொஞ்சம் குரல் இறங்கிற்று. "மணிக்காரருக்கு மட்டும் என்னன்னு நன்றி சொல்றதுன்னு தெரியல. ஒண்ணும் செய்யவே விடலையே மனுஷன்."

அதற்குள் கோயில்காரர்களும் பள்ளிவாசல்காரர்களும் சர்ச்காரர்களும் கூடிப் பேசி, தெருமுனை மண்டபத்தில் அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டார்கள். கேடயம் தரப் போவதாகச் சொன்னார்கள். "கேடயத்த வச்சிக்கிட்டு நான் யாரோட சண்டைக்குப் போறது? மைக்க மட்டும் குடுங்க, போதும்," என்றார்.

அதன் பிறகு வீட்டில் ஒரே அமர்க்களம்! கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசிப் பார்த்தார். மஞ்சள் தலைப்பாகையா நீலமா என்று என் கணவரைப் படுத்தி எடுத்தார். கடைசியில் மஞ்சள். கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, "கோணலா இருக்காம்மா?" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டார். கல்யாண மாப்பிள்ளை தோற்றான்!

மண்டபம் நிரம்பி வழிந்தது. மாமா மேடையேறி மைக்கைப் பிடித்தார். கைகூப்பி, கடவுளை நினைத்து வாஹே குரு என்றார். முன்வரிசையைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடி நின்றுவிட்டார்.

நெஞ்சு வலியோ என்று பதறி நான் மேடைக்கு ஓடினேன்.

"என்னம்மா இது?" என்று காதோரம் கிசுகிசுத்தார். "ஒருத்தரையும் தெரியலையே! யாரோ வெளியூர்க் கூட்டம் வந்திருக்கு."

திரும்பிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜோடிக்காரருக்கு விழா என்றதும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, ஊரே புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தது! பளபளவென்று, தேய்மானமே இல்லாமல்.

"மாமா, மூஞ்சியப் பாருங்க."

"மூஞ்சிய வச்சி யாருக்கும்மா ஆளத் தெரியும்?"

மைக் இதை அப்படியே மண்டபம் முழுக்கச் சொல்லிவிட்டது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் மாமா மேடையிலிருந்து இறங்கி, விடுவிடுவென்று நடந்து, வாசலுக்குப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் வெளிய வாங்க! செருப்பக் கழட்டிக் குடுத்துட்டு ஒவ்வொருத்தரா உள்ள போங்க!"

முதலில் வந்தவர் செருப்பைக் காலால் உதறினார். ஒன்று கிழக்கே போயிற்று, ஒன்று மேற்கே. "ஆங்! தையல்காரரு!" என்று மாமா போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உங்களது ரெண்டையும் தேடிச் சேக்குறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துடும். ரொம்ப நன்றிங்க!"

"தேடினது நீங்க, நன்றியும் நீங்களா? தலைகீழா இருக்கேண்ணே!" என்றார் தையல்காரர்.

டீச்சரம்மாவைக் கால் சுண்டுவிரலை வைத்தே அடையாளம் கண்டுவிட்டார். ஒருவரைப் பாதத்தில் இருந்த தழும்பால். ஒருவரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தினுசால். ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. கேடயத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அது இன்னும் மண்டபத்து அலமாரியில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு ஜோடி பழைய கறுப்பு ஷூ வந்து நின்றது. முனையில் தையல் விட்டு, அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மாமா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"இது எனக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. "தொட்டுப் பாத்ததில்ல. ஆனா தெரியும்."

மணிக்காரர் குனிந்து லேஸை அவிழ்த்தார். இரண்டு ஷூவையும் கழற்றினார். காலுறை ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

"சிரிச்சீங்கன்னா திரும்ப மாட்டிக்கிட்டுப் போயிடுவேன்," என்று எங்களை மிரட்டிவிட்டு மாமாவிடம் நீட்டினார். "எல்லாரும் புதுசு போட்டுட்டு வந்துட்டாங்க, எங்கிட்ட இதுதான் இருக்கு. தச்சுக் குடுங்கண்ணே. ஒண்ணும் அவசரமில்ல."

மாமா இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாய் ஓயாத மனிதர்! நன்றி என்ற அந்த ஒரு சொல்லை, அத்தனை நாள் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததை, முக்கி முனகித்தான் சொன்னார். பிறகு தன் செருப்பைக் கழற்றி மணிக்காரருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார். "பாத்தியாம்மா, குடுத்துட்டான், குடுத்துட்டான்!" என்று வழியெல்லாம் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். தோள் இன்னும் வலிக்கிறது.

சும்மா தைத்துவிடவும் மனசு வரவில்லை. சோபாவுக்குப் போடுகிற நூல் போதாதென்று மெழுகு நூலுக்கு ஆளனுப்பினார். முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்தார். ஒருநாள் வெயிலில் வைத்தார். ஒருநாள் நிழலில் வைத்தார். "அவரே அவசரமில்லன்னு சொல்லிட்டாரு," என்றார். எனக்கென்னவோ, கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று இழுத்தடிக்கிறாரோ என்று தோன்றியது.

இன்று மாமாவை எடுக்கிற நேரத்தில் கூட்டம் எங்கள் மாடிப்படி முழுக்க நின்றது. கீழேயிருந்து சரக், சரக் என்று ஒரு சத்தம் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. காலுக்கு இரண்டு அளவு பெரிதான மாமாவின் செருப்பை இழுத்து இழுத்து மணிக்காரர் ஏறி வந்துகொண்டிருந்தார். வாசலில் அதைக் கழற்றி, ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

பால்கனியில் எதையும் நாங்கள் இன்னும் நகர்த்தவில்லை. இடது ஷூ தைத்து, பாலிஷ் போட்டு, லேஸ் கோர்த்து முடிந்திருக்கிறது. வலது ஷூவில், சுண்டுவிரல் பக்கம், இன்னும் நாலு தையல் பாக்கி.