வாசலில் ஐந்து ஜோடி

சுங்காய்ப் பக்கத் ரப்பர் தோட்டத்தில், லயம் என்ற வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசலில் கிடக்கும் செருப்புகளைத்தான் பார்ப்போம். உள்ளே எத்தனை பேர், யார் விருந்தாளி என்று கதவைத் தட்டுமுன்பே தெரிந்துவிடும். எனக்கு அதோடு சந்தேகமும் கூடவே பிறந்தது. பட்டாளத்தில் அதற்குச் சம்பளம் வேறு கொடுத்தார்கள்.

பல நாட்டு அமைதிப்படையில் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, உள்நாட்டுப் போர் நடந்த நாடு ஒன்றுக்குப் போயிருந்தேன். ஊர்மக்களுக்குக் காவல் இருப்பதுதான் எங்கள் வேலை. ஒரு நாள் ரோந்தில், தெருக்கோடி வீட்டு அம்மாள் தானும் மகளும் மட்டுமே இருப்பதாகச் சொன்னாள். வாசலில் ஐந்து ஜோடி. மூன்று ஆண்களுடையவை, தூசுகூட இல்லை. எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. துப்பாக்கிக்காரர்களை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அதிகாரியிடம் சத்தியம் செய்யாத குறைதான்.

தெருவே கூடி வேடிக்கை பார்க்க, வீட்டைப் புரட்டினோம். ஆண் வாடையே இல்லை. மகள் அடுப்படி மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கணவனும் இரண்டு மகன்களும் எங்கோ சண்டையில் செத்துப் பல மாதமாயிற்றாம். வீட்டில் ஆண்கள் இருப்பதாகக் கண்டவனும் நினைக்கட்டும் என்று தினமும் அவற்றைத் துடைத்து வைப்பாளாம். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டதாம்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. இருவரையும் எங்கள் முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போகலாம் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். அனுமதி மறுநாள்தான் வந்தது. போனபோது கதவு திறந்து கிடந்தது. வாசலில் ஒரு ஜோடிகூட இல்லை. தாங்களே போனார்களா, யாராவது கொண்டுபோனார்களா, இன்றுவரை தெரியாது. உறவினர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று மற்றவர்கள் சொன்னதை நான் நம்பவில்லை.

அன்று மாலை ஈப்போவிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டாள். எங்கள் தாமான் குடியிருப்பில் திருட்டுப் பயமாம்.

"ஒங்க பழைய பூட்ஸ எடுத்து வாசல்ல வெச்சிருக்கேன். ஆம்பள வீட்ல இருக்குன்னு நெனைக்கட்டும்லா."

 

"உள்ள எடுத்துறாத," என்றேன். "யாரு வந்து கேட்டாலும் நான் தூங்குறேன்னு சொல்லு."