சுயவிலாசமிட்ட உறை

தொண்ணூறுகளின் நடுவில் புதுப்பட்டினத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். கல்பாக்கம் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பேச ஆளில்லாமல்தான் சிறுகதை எழுத ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்தே இலக்கிய ஆர்வம் என்று பின்னாளில் மேடைகளில் சொன்னதெல்லாம் புருடா.

அப்போது பத்திரிகைக்குக் கதை அனுப்பினால், நம் விலாசத்தை நாமே எழுதி ஸ்டாம்பு ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கதை அதில் திரும்பி வரும். என் கதைகள் ஒன்று விடாமல் வந்தன. அந்த நாட்களில் எனக்கு வந்த கடிதங்கள் எல்லாமே என் கையெழுத்தில்தான்.

சனிக்கிழமைகளில் தபால்காரர் படியேறி வந்து கையில் கொடுப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் கேட்டேவிட்டார்: "இன்னா சார், உனுக்கு நீயே லெட்டர் போட்டுக்கினு கீற?"

மானம் போயிற்று. விளக்கினால் கதைகள் திரும்பி வருவதையும் சொல்ல வேண்டும். சிரித்து மழுப்பினேன். அதற்குப் பிறகு உறை வராத வாரத்திலும் மேலே வந்து, தண்ணீர் குடித்து, மகளின் பள்ளிக்கூடம், மீன் விலை என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போவார். வாரம் முழுக்க அந்த ஐந்து நிமிடத்துக்காகவே காத்திருந்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அதை வைத்து ஒரு கதை எழுதினேன். யாருமற்ற ஒரு தபால்காரர் தனக்குத் தானே கடிதம் எழுதி, தானே கொண்டுவந்து தன் வீட்டில் போட்டுக்கொள்கிறார். ஒரே மூச்சில் வந்தது. அந்த உறை திரும்பவில்லை, கதை அச்சாகிவிட்டது. காட்ட வேறு யார் இருக்கிறார்கள்? இதழை அவரிடமே கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை திருப்பித் தந்தார். முகத்தில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"என் வூட்ல ஆறு பேரு கீறோம் சார். ஒண்டியா கீறது நீ. அத்த ஏன் எம்மேல ஏத்தி எழுதன?"

அந்தக் கதை அமைந்ததே அந்தக் கள்ளத்தனத்தால்தான். 'நான்' என்று தொடங்கியிருந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடியிருக்காது. பிறகு அவர் படியேறவில்லை. கீழ்க்கதவு இடுக்கில் செருகிவிட்டு சைக்கிள் மணியடித்துப் போய்விடுவார்.

இன்றும் யாராவது அந்தக் கதையைப் பாராட்டுகிறார்கள். தனிமையை எப்படி இவ்வளவு நுட்பமாக எழுதினீர்கள் என்று கேட்கிறார்கள். எங்கள் பகுதித் தபால்காரர் ஒருவரைப் பார்த்து எழுதியது என்றுதான் சொல்கிறேன்.